இருபத்தாறரை அங்குலம்

தச்சர் இன்னாசி, கடையின் பில் கவுண்டருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாதங்களில் மரத்தூள் அப்பியிருந்தது. சுடர்விழி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் செல்போன் டார்ச்சையும் மறுகையில் வரைபடத்தையும் பிடித்திருந்தாள்.

"தாள்ல இருபத்தாறரைன்னு கெடக்கு பாப்பா. பதினாறரைய மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லண்ணே. இருபத்தாறரைதான்."

"இம்புட்டு ஒசரத்துல பலகைய மாட்டுனா யாரு ஒக்காருவா? காலு தரையில எட்டாது. தென்னமரத்துல ஏறி ஒக்காந்த கதையாப் போயிரும்."

"கீழ ஒரு கட்டை போட்டிருக்கேன் பாருங்க. தரையிலேருந்து பதினொன்றரை. அதுல கால வச்சுக்கலாம்."

இன்னாசி சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். தலைமுடியில் தூள் இருந்தது. தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கவுண்டரைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம் அது. பின்பக்க அலமாரியிலிருந்து கீழே மடங்கி இறங்கும் ஒரு பலகை, பன்னிரண்டு அங்குல ஆழம், பதினாலு அங்குல அகலம். வேண்டாதபோது தூக்கி மடக்கிவிட்டால் அலமாரிக் கதவைப்போலச் சுவரோடு சுவராக நின்றுவிடும்.

"மொதலாளி இதைப் பாத்தாரா?"

"அவரு த்ரீடி மட்டும்தான் பாப்பாரு."

"அரவிந்து தம்பி?"

சுடர்விழி டார்ச்சை அணைத்தாள். இன்னாசி அவளைப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அலமாரிச் சட்டத்தில் தரையிலிருந்து இருபத்தாறரையில் ஒரு கோடு கிழித்தார்.

"எனக்கென்ன. தாள்ல இருக்குறதத்தான் நான் அடிப்பேன், எஞ்சினியரம்மா."

அவள் எஞ்சினியர் இல்லை. புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டு, அரவிந்த்குமாரின் இன்டீரியர் அலுவலகத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். அரவிந்த்குமார் கடைக்காரர்களிடம் பேசுவார். அவள் வரைவாள். பேக்கரி, ஜூஸ் கடை, பிரியாணிக் கடை, இலுப்பூரில் ஒரு சலூன் என்று இதுவரை பத்தொன்பது கடைகள்.

எல்லா வேலையும் ஒரே மாதிரிதான் நடக்கும். முதலில் கடை முடிந்தபின் எப்படி இருக்கும் என்பதை வண்ணப்படமாகச் செய்து காட்ட வேண்டும். தொங்கும் விளக்குகள், செயற்கைப் புல் ஒட்டிய சுவர், மேஜைகளில் யாரோ வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். முதலாளிகள் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். அதைத்தான் மனைவிக்கும் மச்சானுக்கும் அனுப்புவார்கள். அளவு எழுதிய தாள்கள் தச்சருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் உரியவை. அரவிந்த்குமார் அவற்றின் மூலையில் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். பலகை இருந்தது பதினோராவது தாளில்.

இந்தக் காபிக் கடை கந்தர்வக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையை ஒட்டி இருந்தது. முன்பு உரக்கடை. தரையைத் தோண்டி டைல்ஸ் போட்ட பிறகும், மழை வரும் நாட்களில் யூரியா வாடை எழுந்தது. முதலாளி அழகுமலை தோஹாவில் ஒரு காபிக் கடையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். விளக்குகளைத் தேர்ந்தெடுக்க மட்டும் சென்னைக்கு மூன்று தடவை போனார்.

தொடக்கத்தில், ஆனி மாதம், அவர் அலுவலகத்துக்கு வந்து முதல் படத்தைப் பார்த்தபோது கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. சாதாரணமாக அவள் வரைவதுதான்.

"இது எதுக்கும்மா?" என்றார் அழகுமலை, திரையில் விரல் வைத்து.

"பில் போடுறவங்களுக்கு சார்."

"எடுத்துரு. ஒக்காந்து பில் போட்டா ரேஷன் கடை மாதிரி இருக்கும். ஆளு கதவத் தொறந்தா நின்னு சிரிச்சு வெல்கம் சொல்லணும். கவுண்டரு நாப்பத்திரண்டு இஞ்சு வச்சிரு."

"ஸ்டாஃபுக்கு ஒக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் இருக்கு சார்."

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அரவிந்த்குமார் மேஜைக்கு அடியில் காலால் அவள் நாற்காலியைத் தட்டினார். அழகுமலை கோபப்படவில்லை. சிரித்தார்.

"சட்டத்துக்கு ஒரு ஸ்டூலு வாங்கி ஸ்டோர்ல போட்டுருவோம். யாராச்சும் வந்து கேட்டா எடுத்துக் காட்டலாம். ஏம்மா, நான் தோஹாவுல ஒம்பது வருஷம் நின்னேன். ஒரு நாளைக்குப் பன்னண்டு மணி நேரம். எங்கால்ல என்ன கொறஞ்சு போச்சு?"

பேண்ட்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். நல்ல கால்கள்.

சுடர்விழி நாற்காலியைத் தேர்வு செய்து நீக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் அந்த இடம் வெறும் தரையானது. அழகுமலை எழுந்துபோகும்போது வாசலில் நின்று அரவிந்த்குமாரிடம் கேட்டார்.

"பில் போடத் தெரிஞ்ச லேடீஸ் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. சின்னப் புள்ளைக வேண்டாம், ஆறு மாசத்துல கல்யாணம்னு போயிருதுக. கொஞ்சம் வயசான ஆளா, நேர்மையா."

"எங்க அம்மா இருக்காங்க சார்," என்றாள் சுடர்விழி. "ஜவுளிக்கடையில பதினோரு வருஷம் இருந்தாங்க. கடைசியா ரெண்டு வருஷம் பில்லுதான்."

"இப்ப ஏன் போகல?"

"தூரமா இருக்குன்னு நின்னுட்டாங்க."

அது பொய். அவள் அம்மா பிரகதாம்பாளுக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு புண் ஆறாமல் இருந்தது. கட்டுப் போட்ட காலோடு கஸ்டமர் முன்னால் நிற்கக் கூடாது என்று ஜவுளிக்கடையில் கீழே குடோனுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் நிற்கிற வேலைதான். தை மாதக் கடைசியில், விசேஷக் கூட்டம் முடிந்ததும், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் நிற்கிற வேலைக்கே போகாதீர்கள் என்றார். அதற்குப் பிறகு அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்தது. பதினைந்து நாளில் அதுவும் நின்றது.

வீட்டில் இருவர்தான். கந்தர்வக்கோட்டைக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

அன்று சாயங்காலம் சுடர்விழி வீட்டுக்குப் போனதும் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இப்படிச் சொவத்துல சாஞ்சு நில்லு."

"எதுக்குடி?"

"நில்லேன்."

அம்மா ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். சுடர்விழி தரையிலிருந்து கண் வரைக்கும் அளந்தாள். ஐம்பத்து நான்கு. ஸ்டூலில் உட்காரச் சொல்லி, உட்காரும் இடத்திலிருந்து கண் வரைக்கும் அளந்தாள். இருபத்தேழரை. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை பதினைந்து. புண் இருக்கும் பக்கம் டேப் படாமல் வலது காலை அளந்தாள்.

"செத்த பெறகு அளக்க வேண்டியத இப்பவே அளக்குறா," என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா."

"இந்தக் கண்ணு அளவு எதுக்கு? கண்ணாடி வாங்கித் தரப்போறியா?"

சுடர்விழி நோட்டில் ஐம்பத்து நான்கிலிருந்து இருபத்தேழரையைக் கழித்தாள். இருபத்தாறரை வந்தது. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் அம்மாவின் முகம் நிற்கும்போது எங்கே இருக்குமோ அங்கேதான் இருக்கும். கவுண்டர் நாற்பத்திரண்டு அங்குலம். அதற்குக் கீழே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. கதவைத் திறந்து வருகிறவன் சிரிக்கிற ஒரு முகத்தைப் பார்ப்பான். அந்த முகத்துக்குக் கீழே இருப்பவள் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று அவனால் சொல்ல முடியாது.

அவள் அதை அம்மாவிடம் விளக்கினாள். நோட்டில் படம் போட்டுக் காட்டினாள். அம்மா படத்தைப் பார்த்தாள். முகத்துக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, மடங்கிய கால்.

"நாள் முழுக்கவா?" என்றாள் அம்மா.

"நாள் முழுக்க."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். உலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, நோட்டை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டரை மாதம் வேலை நடந்தது. பலகை மாட்டிய அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, இன்னாசி அதைக் கீழே இறக்கி, தன் முழு எடையையும் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கீல் முனகவில்லை.

"நீ அங்கிட்டு வாசல்ல போயி நின்னு பாரு," என்றார்.

சுடர்விழி கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். இன்னாசியின் தலை கவுண்டருக்கு மேலே கூரையை எட்டுவதுபோல உயர்ந்து தெரிந்தது. அவர் உயரமான ஆள்.

"எப்படி இருக்கு?"

"உங்களுக்கு இல்லண்ணே இந்த அளவு."

"அதான பாத்தேன். அம்மாவுக்கா?"

அவள் தலையசைத்தாள். இன்னாசி இறங்கி, பலகையின் முன்விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு உப்புத்தாளை எடுத்து அந்த விளிம்பை வெகுநேரம் தேய்த்து உருட்டிவிட்டார். அது வரைபடத்தில் இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் கடையை ஒப்படைத்தார்கள். அம்மா அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லப்பட்டிருந்தாள். பரிமாறும் பெண்கள் காவ்யாவும் இன்னொருத்தியும் சுவரோரம் நின்றார்கள். மூவருக்கும் காபி நிற ஏப்ரன், அதே நிறத்தில் தொப்பி. அம்மா புடவைக்கு மேலே ஏப்ரனைக் கட்டியிருந்தாள். கணுக்கால் கட்டு தெரியாதபடி புடவையைத் தழையத் தழைய இறக்கியிருந்தாள்.

அழகுமலை தோஹா நண்பர்களுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு இழுப்பறையையும் இழுத்தார். அவை சத்தமில்லாமல் தானாக மூடிக்கொண்டபோது இன்னொரு தடவை இழுத்தார். கவுண்டருக்குப் பின்னால் நுழைந்தார். அலமாரிக் கதவென்று நினைத்து ஒன்றைப் பிடித்து இழுத்தார். பலகை கீழே இறங்கி மட்டமாக நின்றது.

"இது என்ன?"

இன்னாசி வாசலில் கருவிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். அரவிந்த்குமார் பலகையைப் பார்த்தார், சுடர்விழியைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

இந்தக் கேள்விக்கான பதிலை அவள் இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். பஸ்ஸில், குளிக்கும்போது, சைட்டில் தனியாக இருக்கும்போது. வெளியிலேருந்து பாத்தா தெரியாது சார். ஒரு தடவை வாசல்ல நின்னு பாருங்க சார், அப்பறம் சொல்லுங்க. அவ்வளவுதான். இரண்டு வாக்கியம்.

அழகுமலையின் கையிலிருந்த போன் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அம்மா சுவரோரம் நின்றாள், கைகளை ஏப்ரனுக்கு முன்னால் கோத்துக்கொண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

"பார்சல் பாக்ஸ் வைக்க சார்," என்றாள் சுடர்விழி.

"அப்ப கீழ இந்தக் கட்டை?"

அவள் குனிந்து கட்டையைப் பார்த்தாள்.

"மூடி, ஸ்ட்ராக் கட்டெல்லாம் வைக்கலாங்க," என்றார் இன்னாசி வாசலிலிருந்து. "தரையக் கழுவுனா ஈரம் படாதுல்ல."

அழகுமலை பலகையில் உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஒங்களுக்கு எடுக்க வாட்டமா இருக்குமா?"

"வாட்டமா இருக்குங்க சார்," என்றாள் அம்மா.

"பாத்தீங்களா அரவிந்து, இதத்தான் நான் ப்ளானிங்குன்னு சொல்றது. தோஹாவுல பாக்ஸு தேடியே பாதி ஆர்டரு லேட்டாகும்." போனைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி நிதானமாக எடுத்தார். பிறகு அதைச் சுடர்விழி பக்கம் திருப்பி, "எந்தங்கச்சி பண்ணுனது" என்று அதில் சொன்னார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் அவளும் நின்றார்கள். பெஞ்சு முழுக்கத் திருவரங்குளம் போய்விட்டு வந்த கோயில் கூட்டம். அம்மா தூணில் முதுகைச் சாய்த்து இடது காலை லேசாகத் தூக்கிக்கொண்டாள்.

"ஏம்மா வாட்டமா இருக்குன்ன?"

"நீ ஏன் பாக்ஸுன்ன?"

சுடர்விழி சாலையைப் பார்த்தாள்.

"போவுது விடு," என்றாள் அம்மா. "வேண்டாம்னுட்டா என்ன பண்றது. மொதல்ல கொஞ்ச நாளு போவட்டும்."

"கூட்டம் இல்லாத நேரத்துல பாக்ஸை எறக்கி வச்சுட்டு ஒக்காந்துக்கம்மா. யாருக்கும் தெரியாது. நான் அளந்துதான் போட்டிருக்கேன்."

"ம்."

"மத்தியானம் மூணு மணிக்கு மேல யாரும் வர மாட்டாங்க."

"சரிடி. ஒக்காந்துக்கிறேன்."

பஸ் வந்தது. அம்மா ஏறியதும் ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அம்மா காலையில் எட்டரைக்குப் போய் ராத்திரி ஏழரைக்கு வந்தாள். வந்ததும் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்தாள். சுடர்விழி கேட்கும்போதெல்லாம் "ஒக்காந்தேன், ஒக்காந்தேன்" என்றாள்.

ஐந்தாவது வாரம் கடையிலிருந்து போன் வந்தது. ஒரு தொங்கும் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அரவிந்த்குமார் சுடர்விழியைப் பார்த்துவரச் சொன்னார். அவள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். சாலையில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள்.

கவுண்டருக்கு மேலே அம்மாவின் முகம் தெரிந்தது. தொப்பி, அதற்குக் கீழே நெற்றி, கண்கள் ஐம்பத்து நான்கு அங்குலத்தில். சுடர்விழி அசையாமல் நின்று பார்த்தாள். அவள் கணக்குப்படி, இங்கே இருந்து எதையும் சொல்ல முடியாதுதான்.

கதவைத் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் பட்டது.

"வெல்கம் மேடம், உக்காருங்க," என்றது அம்மாவின் குரல், புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதைப்போல. பிறகு அவளைப் பார்த்து, "அடி நீயா," என்றாள்.

சுடர்விழி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அம்மா நின்றுகொண்டிருந்தாள். பலகை இறங்கியிருந்தது. அதன் மேல் பார்சல் பெட்டிகள் மடிக்கப்படாத அட்டைகளாக, கட்டுக் கட்டாக, அம்மாவின் தோள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டில் ஓர் அங்குலம்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கீழே கால் வைக்கும் கட்டையில் மூடிகளும் ஸ்ட்ராக் கட்டுகளும் வரிசையாக இருந்தன.

"பலகைக்கு அளவெடுத்து மொதலாளி பாக்ஸச் சிவகாசியில அடிச்சாரு," என்றாள் அம்மா. "பன்னண்டுக்குப் பதினாலு. கரெக்டா ஒக்காந்துருக்குல்ல."

"எறக்கி வைக்கலாம்லம்மா."

"எங்கிட்டு எறக்குறது? கீழ வச்சா ஈரம். அதுவும் எரநூறு எரநூறாக் கட்டு. எறக்கி ஏத்துறதுக்குள்ள ஆளு வந்துரும்."

"இப்ப யாரும் இல்லையே."

"ரெண்டு ஆர்டரு உள்ள ரெடியாகுது, பார்சலு. இப்ப வந்து நிப்பாக."

அரவிந்த்குமார் சொல்லி அனுப்பிய இன்னொரு சேதி இருந்தது. அழகுமலை தஞ்சாவூரில் அடுத்த கடை போடுகிறார். வேலையை இவர்களுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பாக்ஸ் பலகை அங்கேயும் அதே அளவில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சுடர்விழி அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏணி போட்டு ஏறி விளக்கைக் கழற்றிப் பார்த்தாள். ஒயர் தளர்ந்திருந்தது. முறுக்கி மாட்டினாள். விளக்கு எரிந்தது.

வேலை முடிந்ததாகத் தாளில் எழுத ஒரு மேஜையில் உட்கார்ந்தாள். அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். இடது காலில் இருந்த எடையை வலது காலுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடதுக்கு.

கடையில் இருபத்தெட்டு இருக்கைகள். சுவரை ஒட்டி நீள சோபா, எதிரே நாற்காலிகள், ஜன்னல் பக்கம் நான்கு உயர ஸ்டூல்கள். அவள் உட்கார்ந்திருந்த ஒன்றைத் தவிர எல்லாம் காலி. சமையல் பக்கம் கதவு இடைவெளியில் காவ்யா நின்றபடி டிபன் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"நீயும் செத்த நேரம் ஒக்காரும்மா. ஒரு நிமிசம்."

"கஸ்டமர் சீட்டுடி. ஸ்டாஃப் ஒக்காரக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாக."

"அந்த ஸ்டூலு? ஸ்டோர்ல?"

"அது இருக்கு. பிளாஸ்டிக் கவரு பிரிக்காம இருக்கு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீ இதெல்லாம் அவருகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்காத. நல்லபடியாத்தான் வச்சுருக்காரு. சத்தம் போட மாட்டாரு, சாப்பாடு குடுக்குறாரு."

சுடர்விழி தாளில் தேதியையும் நேரத்தையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். வேறு எழுத ஒன்றும் இல்லை. இருந்தாலும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா ஏப்ரன் பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு சோபாப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை யாரோ இருந்த இடத்தில் பிஸ்கட் தூள் கிடந்தது. அதைத் துடைத்தாள். குஷனில் அவர்கள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் முழுதாக எழும்பாமல் இருந்தது. அம்மா அதைத் தட்டிச் சரிசெய்தாள். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, உள்ளங்கையை விரித்துக் குஷனில் வைத்து அழுத்தினாள். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. எடுத்தாள். அழுத்திய இடம் மெல்ல மெல்ல மேலே எழுந்து வந்தது. அம்மா நின்றுகொண்டே அதைப் பார்த்தாள். அடுத்த குஷனுக்குப் போய் அதிலும் கையை வைத்து அழுத்தினாள்.